பின்னோக்கி அளிக்கும் வாக்கு: அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல்கள் பற்றிய ஒரு நோக்கு

வரலாற்றைப் பயில்வோர் தமக்குள் எழுப்பிக்கொள்ளும் வினாக்களுள் ஒன்று, அந்நாளில் அவ்விடத்தில் வாழ்ந்திருந்தால் எப்பக்கம் சார்ந்திருப்போம் என்பதாகும். ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றைப் பொறுத்தவரை இவ்வினா எளிதில் ஒரு தேர்தல் வினாவாக மாறிவிடுகின்றது. 1788-89இல் வாஷிங்டன் தெரிவுசெய்யப்பட்டது தொடக்கம் 2024 வரை அந்நாட்டில் அறுபது ஜனாதிபதித் தேர்தல்கள் நடைபெற்றுள்ளன. உள்நாட்டுப் போரின் நடுவே 1864இலும், உலகப் போரின் நடுவே 1944இலுங்கூட அவை ஒத்திவைக்கப்படவில்லை. அறுபது தேர்தல்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, 1800இல் ஜெபர்சன், 1860இல் லிங்கன், 1932இல் றூஸ்வெல்ற் என ஒருவர் குறியிட்டுச் செல்வது கடினமன்று. அவ்வாறு குறியிடப்பட்ட பட்டியல் பெரும்பாலும் குறியிட்டவருக்கே வழங்கப்பட்ட நற்சான்றிதழாக அமைந்துவிடும். எத்தேர்தலிலும் தவறிழைக்காத வாக்காளர் ஒருவரை அது காட்டும். அத்தகைய வாக்காளர் எவரும் அமெரிக்க வரலாற்றில் வாழ்ந்ததாகத் தெரியவில்லை.

இதற்குக் காரணம் வெளிப்படையானது. பட்டியலில் குறியிடுபவர் முடிவை அறிந்தவர். வாக்குச்சாவடிக்குச் சென்றவரோ அதனை அறியாதவர். 1932இல் பிராங்ளின் றூஸ்வெல்ற்றுக்கு வாக்களித்தவர் 'புதிய ஏற்பாடு' எனப் பின்னர் அறியப்பட்ட திட்டங்களுக்கு வாக்களித்தார் எனக் கொள்வது பொருந்தாது. அவ்வாண்டு ஒக்டோபரில் பிற்ஸ்பேர்க் நகரில் ஆற்றிய உரையில் றூஸ்வெல்ற், ஹூவரின் அரசாங்கம் அளவுக்கு மிஞ்சிச் செலவிடுகின்றது எனக் கண்டித்து, சமஷ்டி அரசின் செலவினத்தை நான்கிலொரு பங்கு குறைப்பதாக உறுதியளித்தார். முதியோர் ஓய்வூதியத்தை உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டமும், தொழிற்சங்க உரிமைகளை நிலைநாட்டிய சட்டமும் 1935இல் வந்தவை. 1932இன் வாக்காளர் கண்டது, நாட்டில் நிலவிய பெரும் வேலையின்மையையும் பதவியிலிருந்தவரின் கையறுநிலையையுமேயாம்.

மேலும், பின்னோக்கி வாக்களிப்பவர் தம்மை யாராகக் கற்பனை செய்கின்றார் என்பதும் நோக்கற்பாலது. 1860இல் வாக்களித்திருப்பேன் என்பவர் பெண்ணாயின், பெரும்பாலான மாநிலங்களில் 1920இன் யாப்புத் திருத்தம் வரை காத்திருந்திருக்க வேண்டும். பூர்வீக குடியினர் அனைவருக்கும் குடியுரிமை கிடைத்தது 1924இலாகும். தலைநகராகிய வாஷிங்டனில் வாழ்ந்தவர்கள் ஜனாதிபதித் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது 1964இலேயே. நம் பிரதேசத்திலிருந்து சென்ற ஒருவரின் நிலையும் இதுவே. முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையிற் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் 'வெள்ளையர்' அல்லர் என்றும், ஆதலின் குடியுரிமைக்கு உரியவரல்லர் என்றும் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்தது. இந்தியர்க்கு 1946இல் வழி திறந்தது. குடியுரிமைச் சட்டத்தின் இனத்தடை முற்றாக நீங்கியது 1952இலாகும். எனவே ஜெபர்சனுக்கும் லிங்கனுக்கும் தாராளமாக வாக்களிக்கும் தென்னாசிய மாணவர் ஒருவர், முதலில் தம் பிறப்பை மாற்றிக்கொண்டே வாக்குச்சாவடிக்குள் நுழைகின்றார் எனலாம்.

வாக்குரிமை உடையவரின் நிலையும் இன்று கருதுவதுபோல் எளிதாக இருந்ததில்லை. அவுஸ்திரேலியாவின் சில குடியேற்றங்கள் 1856இல் கைக்கொண்ட இரகசிய வாக்களிப்பு முறை, ஐக்கிய அமெரிக்காவில் 1888இன் பின்னரே பரவியது. அதற்கு முன்னர் அரசாங்கம் வாக்குச்சீட்டு அச்சிடவில்லை. கட்சிகளே தத்தம் சீட்டுக்களை அச்சிட்டு விநியோகித்தன. எந்தச் சீட்டு எவர் கையில் இருக்கின்றது என்பதை அதன் நிறத்தைக்கொண்டும் அளவைக்கொண்டும் சூழ நின்றோர் கண்டுகொள்வர். கெண்டக்கி, வேர்ஜீனியா போன்ற மாநிலங்களில் வாக்காளர் தம் தெரிவை வாய்விட்டே கூறவேண்டியிருந்தது. 1860ஆம் ஆண்டுத் தேர்தலில், தென்மாநிலங்களுட் பத்தில் லிங்கனின் பெயர் தாங்கிய சீட்டு விநியோகிக்கப்படவே இல்லை. அவர் பிறந்த கெண்டக்கியில் அளிக்கப்பட்ட ஏறத்தாழ 146,000 வாக்குகளுள் அவருக்குக் கிடைத்தவை 1,364. அயலவரும் கடன் கொடுத்தவரும் நிலச்சொந்தக்காரரும் கேட்டிருக்க, அந்தப் பெயரை உரத்துக் கூறியவர்கள் அந்த 1,364 பேர். நூலகத்திலிருந்து லிங்கனுக்கு வாக்களிப்போர் அவர்களுள் ஒருவராக இருந்திருப்பரா என்பதே வினாவின் உண்மையான வடிவம்.

இவ்வினாவை வரலாற்றில் முதன்முதல் கூர்மையாக எழுப்பியவர்களுள் லிங்கனே ஒருவர் என்பது சுவையான செய்தி. அவர் எழுப்பியது 1844ஆம் ஆண்டுத் தேர்தலைக் குறித்தாகும். அத்தேர்தல் சற்று விரிவாக நோக்குதற்குரியது.

1844இல் சனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்றவர் டெனசி மாநிலத்து ஜேம்ஸ் போக். அடிமை முறை நிலவிய டெக்சாஸை ஐக்கிய நாடுகளுடன் இணைப்பதே அவரது முதன்மையான கோரிக்கை. அவரை எதிர்த்து விக் கட்சியின் சார்பில் கெண்டக்கி மாநிலத்து ஹென்றி கிளே போட்டியிட்டார். கிளே உடனடி இணைப்பை எதிர்த்தவர். ஆயினும் அவரும் அடிமைகளை உடையவரே. கோடைகாலத்தில் தென்மாநில வாக்காளரை இழக்கும் அச்சத்தால், போரின்றியும் நாட்டின் மானத்துக்கு இழுக்கின்றியும் இணைப்பு நிகழுமாயின் தமக்குத் தனிப்பட்ட மறுப்பில்லை என்னும் கருத்துப்பட அலபாமாவுக்குக் கடிதங்கள் எழுதி, தம் நிலையைத் தாமே கலக்கிக்கொண்டார். மூன்றாவதாக நின்றவர் விடுதலைக் கட்சியின் ஜேம்ஸ் பேர்னி. அவரும் கெண்டக்கியிற் பிறந்து அடிமைகளை உடையவராயிருந்தவர். பின்னர் அவர்களை விடுவித்து அடிமை ஒழிப்பு இயக்கத்துக்குத் தம்மை அர்ப்பணித்தவர்.

நாடு முழுவதிலும் பேர்னி பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 62,000 மட்டுமே. ஆயின் நியூ யோர்க் மாநிலத்தில் போக் 237,588 வாக்குகளையும், கிளே 232,482 வாக்குகளையும், பேர்னி 15,812 வாக்குகளையும் பெற்றனர். 5,106 வாக்கு வேறுபாட்டில் அம்மாநிலத்தின் 36 தேர்வாளரும் போக்கின் பக்கம் சென்றனர். தேர்தற் கல்லூரியில் போக் 170, கிளே 105. அந்த 36 பேரும் மாறியிருப்பின் கிளே 141, போக் 134. அதாவது, பேர்னிக்கு வாக்களித்த நியூ யோர்க்கினருள் மூவரில் ஒருவர் கிளேக்கு வாக்களித்திருந்தால் ஜனாதிபதி மாறியிருப்பார். தேர்தல் முடிவையே மக்களின் ஆணையாகக் காட்டி, போக் பதவியேற்கு முன்னரே, பதவி நீங்கவிருந்த ஜோன் ரைலர் 1845 மார்ச் 1ஆந் திகதி இணைப்புத் தீர்மானத்திற் கையொப்பமிட்டார். 1846இல் மெக்சிக்கோவுடன் போர் மூண்டது. 1848இன் உடன்படிக்கையோடு, டெக்சாஸையும் சேர்த்து நோக்கின், மெக்சிக்கோ தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை இழந்தது.

1845 ஒக்டோபரில், இலினோய் மாநிலத்து விடுதலைக் கட்சி ஆதரவாளர் ஒருவருக்கு லிங்கன் எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. கிளேயின் சார்பில் பிரசாரஞ் செய்து தோல்வி கண்ட இளம் வழக்கறிஞராக அவர் அன்று இருந்தார். நன்மை விளையும் என்பதற்காகத் தீமை செய்தலாகாது, ஆகவே அடிமைகளை உடைய ஒருவருக்கு வாக்களிக்க முடியாது என்று அடிமை ஒழிப்பாளர் கூறிய நியாயத்தை எடுத்துக்கொண்டு, அடிமை முறை பரவுவதைத் தடுக்கும் வாக்கு எங்ஙனம் தீய வாக்காகும் என அவர் வினவுகின்றார். செயலை அதன் பயனைக் கொண்டே அறியவேண்டும் என்பது அவர் வாதம். வாதத்தில் வழக்கறிஞரின் சாமர்த்தியம் தெரிகின்றது. அதேவேளை, டெக்சாஸ் விடயத்தில் தமக்குத் தனிப்பட்ட ஈடுபாடு அதிகம் இருந்ததில்லை என்று அதே கடிதத்தில் அவர் ஒப்புக்கொள்வது, அதனை மேற்கோளாகக் காட்டுவோர் பலரின் கண்ணிற் படுவதில்லை.

லிங்கனின் வாதம் 1845இல் மறுக்கமுடியாததாக இருந்திருக்கும். பதினைந்து ஆண்டுகள் கழித்து அதனை நோக்கினால் காட்சி மாறுகின்றது. பேர்னிக்கு வாக்களித்த சிறு கூட்டம் கலைந்துவிடவில்லை. அது 1848இல் சுதந்திர நிலக் கட்சியோடு இணைந்து, முன்னாள் ஜனாதிபதி வான் பியூரனுக்குப் பத்திலொரு பங்கு வாக்கைப் பெற்றுக்கொடுத்தது. 1854இல் தோன்றிய குடியரசுக் கட்சி, அவர்களையும் சிதைந்துபோன விக் கட்சியின் வடபகுதியினரையும் சேர்த்தே உருவாயிற்று. விக் கட்சி சிதைந்தமைக்கு மெக்சிக்கோவிடமிருந்து பெற்ற நிலங்களில் அடிமை முறை அனுமதிக்கப்படுமா என்ற பிணக்கே முதன்மையான காரணம். அந்தக் கட்சியின் வேட்பாளராகவே லிங்கன் 1860இல் ஜனாதிபதியானார். 1844இல் 'வீணாக்கப்பட்ட' 15,812 வாக்குகள் இன்றேல், லிங்கன் விக் கட்சியின் இலினோய் வழக்கறிஞராகவே வாழ்ந்து முடித்திருக்கக்கூடும். இதனைக்கொண்டு பேர்னியின் வாக்காளர் செய்ததே சரி என்று கூறிவிடவும் இயலாது. இடையில் மெக்சிக்கோப் போரில் இறந்தோரும், டெக்சாஸின் பருத்தி வயல்களுக்குப் புதிதாக விற்கப்பட்டோரும் உளர்; அவர்களுடைய கணக்கில் 1860 மிகத் தாமதமான ஆண்டாகும். ஒரு வாக்கின் பயன் எந்த ஆண்டில் கணக்கிடப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு மாறுகின்றது. இதுவே 1844இன் தேர்தல் முன்வைக்கும் சிக்கல்.

இச்சிக்கல் பழங்கதையன்று. 2000ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தில் புஷ் 537 வாக்குகளால் கோரை வென்றபோது, பசுமைக் கட்சியின் றல்ப் நாடெர் அங்கு 97,000க்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றிருந்தார். 2003இல் ஈராக் போர் தொடங்கியபின், நாடெருக்கு வாக்களித்தோரிடம் கேட்கப்பட்ட கேள்வி லிங்கனின் கேள்வியேயாகும். முறையியல் நோக்கிற் பார்த்தால், இலங்கையின் ஜனாதிபதித் தேர்தற் சட்டம் இதற்கொரு பரிகாரத்தைக் கொண்டுள்ளது. 1982இல் நடைபெற்ற முதலாவது தேர்தல் முதற்கொண்டே வாக்காளர் இரண்டாம், மூன்றாம் விருப்பத்தெரிவுகளையும் குறிப்பிடலாம். எனினும் அவ்விருப்பத்தெரிவுகள் முதன்முறையாக எண்ணப்பட்டது 2024 செப்ரெம்பரிலாகும். பேர்னிக்கு ஒன்று, கிளேக்கு இரண்டு என எழுத நியூ யோர்க் வாக்காளருக்கு இடமிருந்ததில்லை.

கற்பனை வாக்காளரை விடுத்து, உண்மையில் அந்தந்த வேளையில் தெரிவு செய்தவர்களின் கணக்கை நோக்குவது கூடுதற் பயன் தருவது. அவ்வகையிற் பிரெடரிக் டக்ளஸ் முதன்மையானவர். (1860இல் லிங்கனை எதிர்த்துச் சனநாயகக் கட்சியின் வடபகுதியினரால் நிறுத்தப்பட்ட ஸ்டீபன் டக்ளஸ் வேறு.) மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பியோடி, நியூ யோர்க் மாநிலத்து ரொச்செஸ்டரில் பத்திரிகை நடத்தியவர் பிரெடரிக் டக்ளஸ். 1856இல் முதலில் தீவிர அடிமை ஒழிப்பாளரான ஜெரிட் ஸ்மித்தை ஆதரித்த அவர், ஓகஸ்ட் மாதத்தில் குடியரசுக் கட்சியின் பிரெமொன்டுக்கு மாறினார். கான்சாஸ் பிரதேசத்துக்கு அடிமை முறை பரவுமா என்பதே அவ்வாண்டிற் தீர்க்கப்படவிருந்த பிரச்சினை. வாக்கும் அவ்விடத்துக்கே செல்லவேண்டும் என அவர் கருதினார். கொள்கையைக் கைவிட்டார் என நண்பர்கள் குறைகூறினர்.

1860இல் அவர் எதிர்த்திசையிற் சென்றார் என்பதே வியப்புக்குரியது. லிங்கன் வேட்பாளரானபோது அவரைப் பாராட்டி எழுதியவர், பின்னர் அவருக்கு ஆதரவளிக்காது மீண்டும் ஜெரிட் ஸ்மித்திடம் சென்றார். நிலவும் மாநிலங்களில் அடிமை முறையைத் தொடுவதில்லை என்றும், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டத்தை மதிப்பதாகவும் லிங்கன் கூறியமையை அவராற் சகிக்கமுடியவில்லை. அன்றைய நியூ யோர்க் யாப்பின்படி வெள்ளையருக்குச் சொத்துத் தகைமை தேவையில்லை. கறுப்பினத்தவர் 250 டொலர் பெறுமதியான சொத்து உடையவராயின் மட்டுமே வாக்களிக்கலாம். இப்பாகுபாட்டை நீக்குவதற்கான சர்வசன வாக்கெடுப்பு 1860 நவம்பர் 6இல், ஜனாதிபதித் தேர்தலோடு ஒரே நாளில் இடம்பெற்றது. நியூ யோர்க் மக்கள் லிங்கனைத் தெரிவுசெய்தனர். அதே கையால் கறுப்பினத்தவரின் சம வாக்குரிமையைப் பெரும்பான்மையால் நிராகரித்தனர். குடியரசுக் கட்சியினர் அவ்விடயத்தை வெளியிற் காட்ட நாணி ஒளித்துவைத்தனர் என டக்ளஸ் கசப்போடு எழுதினார். லிங்கனுக்கு வாக்களித்தோர் அனைவரையும் அடிமை விடுதலையின் பக்கம் நின்றவர்களாகக் கருதுவோர் இந்த வாக்கெடுப்பை நினைவிற் கொள்ளுதல் நன்று.

1864 இன்னும் கடினமானது. மே, ஜூன் மாதங்களில் லிங்கனின் தயக்கங்களாற் சலிப்புற்ற டக்ளஸ், பிரெமொன்டை மீண்டும் நிறுத்தும் முயற்சிக்கு ஆதரவளித்தார். ஓகஸ்ட் 19இல் லிங்கன் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். தாம் தோல்வியடையக்கூடும் என லிங்கன் அப்போது உண்மையாகவே நம்பினார். நான்கு நாட்களின் பின் அதனை எழுத்திலும் பதிந்து மூடிவைத்தார். புதிய ஜனாதிபதி சமாதானம் செய்துகொள்ளுமுன், இயன்ற அளவு அடிமைகளைத் தென்மாநிலங்களிலிருந்து வடபடைகளின் எல்லைக்குள் கொண்டுவருதற்கு ஒரு திட்டம் வகுக்குமாறு டக்ளஸைக் கேட்டார். அம்மாத இறுதியில் சனநாயகக் கட்சி சிக்காகோவிற் கூடி, போர் தோல்வியில் முடிந்தது எனத் தீர்மானித்து மக்கிளெலனை நிறுத்தியது. செப்ரெம்பர் 2இல் அட்லாண்டா வீழ்ந்தது. பிரெமொன்ட் விலகினார். டக்ளஸ் லிங்கனை ஆதரித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் தாம் மறுத்த அதே மனிதரை அவர் ஆதரித்தது, அவர் குணம் மாறியது என்பதாலன்று. மே மாதத்தில் லிங்கனுக்கு மாற்று பிரெமொன்டாக இருந்தார். செப்ரெம்பரில் மக்கிளெலன் மட்டுமே எஞ்சினார். 1865 ஜனவரி 31இல் அடிமை முறையை ஒழிக்கும் பதின்மூன்றாவது திருத்தம் கீழ்ச்சபையில் நிறைவேறிற்று.

டக்ளஸின் இத்தெரிவுகளுள் எது 'சரி' என்று மதிப்பெண் இட முற்படுவது வீண். 1860இல் அவர் லிங்கனுக்கு நெருக்குதல் கொடுத்தவர்களுள் ஒருவர்; 1864இல் லிங்கன் அடைந்திருந்த நிலைக்கு அந்நெருக்குதலுக்கும் பங்குண்டு.

போருக்குப் பின் கறுப்பின ஆடவர் வாக்காளராயினர். 1870இன் பதினைந்தாவது திருத்தம் அதனை யாப்பிற் பதித்தது. அவர்களின் தெரிவு எளிதாகத் தோன்றும்: விடுதலையளித்த கட்சி ஒன்று, அதனை எதிர்த்த கட்சி மற்றொன்று. 1876இன் தேர்தல் இந்த எளிமையைக் குலைக்கின்றது. அவ்வாண்டு ஜூலையில் தென் கரோலினாவின் ஹாம்பேர்க் என்ற சிற்றூரில் கறுப்பினத் தன்னார்வப் படையினர் பலர் வெள்ளையரின் ஆயுதக் கும்பலாற் கொல்லப்பட்டனர். செஞ்சட்டையினர் குதிரைகளில் ஏறிக் குடியரசுக் கட்சிக் கூட்டங்களைச் சூழ்ந்தனர். ஜூன் மாதத்தில் சின்சினாட்டியிற் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில் உரையாற்றிய டக்ளஸ், ஆண்டையின் சவுக்கிலிருந்து விடுவித்துத் துப்பாக்கியிடம் ஒப்படைப்பதற்குப் பெயர் விடுதலையா என்ற பொருள்பட வினவியிருந்தார். இந்நிலையிலும் தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர் உயிரைப் பணயம்வைத்துச் சென்று ஹேய்சுக்கு வாக்களித்தனர்.

அவர்களின் வாக்கு எண்ணப்பட்டது. அவர்களின் வேட்பாளர் வென்றார். பொது வாக்கில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கூடுதலாகப் பெற்ற டில்டன் தேர்தற் கல்லூரியில் 184 இடங்களைப் பெற, புளோரிடா, லூசியானா, தென் கரோலினா, ஒறிகன் ஆகிய மாநிலங்களின் 20 இடங்கள் சர்ச்சைக்குள்ளாயின. பதினைவர் கொண்ட ஆணைக்குழு எட்டுக்கு ஏழு என அனைத்தையும் ஹேய்சுக்கு வழங்கிற்று. 185க்கு 184 என ஹேய்ஸ் ஜனாதிபதியானார். 1877 ஏப்ரலில், தென் கரோலினாவிலும் லூசியானாவிலும் அரசமாளிகைகளைக் காத்துநின்ற சமஷ்டிப் படைகளை அவர் திருப்பியழைத்தார். அவருக்கு வாக்களித்தோரின் மாநில அரசுகள் சில நாட்களில் வீழ்ந்தன. டக்ளஸ் தலைநகரின் மார்ஷல் பதவிக்கு நியமிக்கப்பட்டு அதனை ஏற்றுக்கொண்டார். அவரது நீண்ட வாழ்வில் நியாயப்படுத்தக் கடினமான செயல்களுள் இது ஒன்று எனலாம். ஹேய்ஸ், தேர்தற் பாதுகாப்புச் சட்டங்களை நீக்கச் சனநாயகக் கட்சியினர் செய்த முயற்சிகளை 1879இல் தம் தடுப்பாணையால் முறியடித்தார் என்பதையும் கூறுதல் வேண்டும்; ஆயினும் சட்டத்தைச் செயற்படுத்தும் படை அப்போது தெற்கில் இல்லை. லூசியானாவில் 1896இல் 130,334 ஆக இருந்த பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர் தொகை 1904இல் 1,342 ஆயிற்று.

1877இன் பின்னான தலைமுறையின் தேர்தற் கணக்கை எழுதிவைத்துச் சென்றவர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ். 1956 ஒக்டோபரில் 'த நேஷன்' சஞ்சிகையில், தாம் அவ்வாண்டு வாக்களிக்கப்போவதில்லை என்பதற்கான காரணத்தை விளக்கிய கட்டுரையில், தாம் கடந்துவந்த தேர்தல்கள் ஒவ்வொன்றிலும் என்ன செய்தார் என்பதை எண்பத்தெட்டு வயதில் அவர் வரிசைப்படுத்துகின்றார். பின்னோக்கி அளிக்கும் கற்பனை வாக்குக்கு நேரெதிரான ஆவணம் அது. தவறாத வாக்காளரை அதிற் காணமுடியாது.

1912இல் தியடோர் றூஸ்வெல்ற்றின் முற்போக்குக் கட்சி தென்மாநிலக் கறுப்பினப் பிரதிநிதிகளை ஏற்க மறுத்தது. டு போய்ஸ் வரைந்தளித்த சம உரிமைக் கோரிக்கையையும் கைவிட்டது. தாம் உறுப்பினராயிருந்த சோசலிசக் கட்சியையும் விட்டு விலகி, நீதியோடு நடப்பதாக வாக்களித்த சனநாயகக் கட்சியின் வில்சனை அவர் ஆதரித்தார். கறுப்பினத்தவர் இரு கட்சிகளாலும் நாடப்படும் நிலை தோன்றவேண்டும் என்பது அவர் எண்ணம். எண்ணத்திற் பிழையில்லை. ஆனால் வில்சன் பதவியேற்ற 1913இலேயே திறைசேரியிலும் தபாற் பகுதியிலும் கறுப்பின ஊழியர் தனியாகப் பிரித்து அமர்த்தப்பட்டனர். 1916இல் இரு தீமைகளுட் சிறியதென ஹியூஸ். 1920இல் ஹெயிட்டியை விடுவிப்பதாகக் கூறியமையால் ஹார்டிங், ஆயினும் அமெரிக்கப் படை 1934 வரை அங்கிருந்து அகலவில்லை. 1924இல் வெல்லமாட்டார் என அறிந்தே லாபொலெற். 1928இல் இரு கட்சிகளும் இகழ்ந்தமையால் சோசலிசவாதியான நோமன் தோமஸ். 1932இல் பிராங்ளின் றூஸ்வெல்ற்.

1932இல் டு போய்ஸ் சிறுபான்மையினராகவே இருந்தார். கறுப்பின வாக்காளருட் பெரும்பாலோர் ஹூவருடன் நின்றனர். 'பிற்ஸ்பேர்க் கூரியர்' பத்திரிகையின் றொபேட் வான், லிங்கனின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்கும் காலம் வந்துவிட்டது, கடன் தீர்ந்துவிட்டது என அவ்வாண்டு கிளீவ்லாண்டில் முழங்கியது நான்காண்டு கழித்தே பலித்தது. 1936இல் அவ்வாக்கு பெருமளவில் றூஸ்வெல்ற்றிடம் சென்றது. சென்றதன் காரணம் நிவாரண வேலையும் உணவும். அதே றூஸ்வெல்ற் தென்மாநில செனற்றர்களைப் பகைக்க அஞ்சி, கும்பற் கொலைத் தடைச் சட்டத்துக்கு வெளிப்படையாகத் தோள்கொடுக்கவில்லை. சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயத் தொழிலாளரையும் வீட்டு வேலையாட்களையும் ஒதுக்கியது. கறுப்பினத் தொழிலாளருள் ஏறத்தாழ 65 சதவீதத்தினர் அவ்வொதுக்கலுக்குள் அடங்கினர். வாக்களித்தவர்கள் இதனை அறியாதவர்களல்லர்.

1934 முதல் 1944 வரை ஜோர்ஜியாவில் வாழ்ந்த டு போய்ஸ் அக்காலத்துத் தேர்தல்களைக் கேலிக்கூத்தென்கின்றார். வெள்ளையர்க்கு மட்டுமான கட்சி முன்தேர்தலிலேயே அங்கு யாவும் முடிந்துவிடும். 1948இல் ஹென்றி வாலஸ், 1952இல் ஹலினன் என மூன்றாங் கட்சிகளுக்கு வாக்களித்தார். இடையில் 1951இல் அந்நிய முகவரென அரசாங்கம் அவர்மீது வழக்குத் தொடுத்துத் தோற்றது. 1956இல், இரு பெயர்களைக்கொண்ட ஒரே தீய கட்சியே நாட்டில் உள்ளது, எனவே வாக்குச்சாவடிக்குச் செல்லேன் என்றார். அதே தேர்தலில் ஹாலெம் தொகுதியின் சனநாயகக் கட்சி உறுப்பினரான அடம் கிளேற்றன் பவல் ஐசன்ஹோவரை ஆதரித்தார். எலினோர் றூஸ்வெல்ற் ஸ்டீவன்சனுக்காக ஊரூராகச் சென்றார். கறுப்பினத்தவரின் உரிமையையே முன்வைத்துப் பேசிய மூவர், ஓராண்டில், மூன்று விடைகள். டு போய்ஸின் கூற்று 1956இல் பெரிதும் பொருந்தியது; எட்டு ஆண்டுகளின் பின் பொருந்தியிராது. அவர் 1963 ஓகஸ்ட் 27இல் கானாவிற் காலமானார்.

1964இல் கட்சிகளிடையே வேறுபாடு ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. குடிசார் உரிமைச் சட்டத்தில் ஜோன்சன் ஜூலை மாதம் கையொப்பமிட்டார். அதனை எதிர்த்து செனற்சபையில் வாக்களித்தவர் கோல்ட்வாட்டர். ஜோன்சனுக்கு வாக்களித்தவர்கள் 1965 ஓகஸ்டில் வாக்குரிமைச் சட்டத்தைப் பெற்றனர். அதே ஆண்டு மார்ச்சில் வியட்நாமின் டா நாங் கரையில் இறங்கிய கடற்படைப் போர்வீரரையும் பெற்றனர். ஆசிய இளைஞர் ஆற்றவேண்டிய பணிக்கு அமெரிக்க இளைஞரை அனுப்புவதில்லை எனத் தேர்தல் மேடைகளிற் கூறியவர் ஜோன்சனே. 1968இன் முடிவில் அங்கிருந்த அமெரிக்கப் படையினர் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர்.

அந்தத் தேர்தலில் மிசிசிப்பி மாநிலத்தில் வாக்களிக்கத்தக்க வயதுடைய கறுப்பினத்தவருட் பதிவுபெற்றோர் ஏழு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பருத்தித் தோட்டத் தொழிலாளியான பனி லூ ஹேமர் 1962 ஓகஸ்டில் பதிவுசெய்ய முயன்ற குற்றத்துக்காக அன்றே தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு சிறையில் அடித்துத் துன்புறுத்தப்பட்டார். 1964 ஓகஸ்டில், வெள்ளையர் மட்டுமே கொண்ட மாநிலக் குழுவுக்குப் பதிலாகத் தம் குழுவை ஏற்குமாறு அவரும் தோழரும் சனநாயகக் கட்சி மாநாட்டிற் கோரினர். ஜோன்சனின் ஆட்கள் இரண்டு ஆசனம் தருவதாகக் கூறினர். அவர்கள் மறுத்துவிட்டு மிசிசிப்பிக்குத் திரும்பி, ஜோன்சனுக்காகவே பிரசாரஞ் செய்தனர். 1963இல் மாநில ஆளுநர் தேர்தலின்போது, பதிவு மறுக்கப்பட்டவர்களுக்காகத் தேவாலயங்களிலும் கடைகளிலும் பெட்டிகளை வைத்து 'சுதந்திர வாக்கெடுப்பு' ஒன்றை இயக்கத்தினர் நடத்தியிருந்தனர். ஏறத்தாழ 80,000 பேர் அதிற் சீட்டு இட்டனர். 1964இலும், உண்மையான தேர்தலுக்கு முந்திய சில நாட்களில், அதே பெட்டிகள் வைக்கப்பட்டன. அனுமதிக்கப்பட்டிருந்தால் எவ்வாறு வாக்களித்திருப்பர் என்பதை அவ்வாக்காளர் ஜோன்சனின் பெயர் அச்சிட்ட சீட்டில் குறியிட்டுக் காட்டினர். நவம்பர் 3ஆந் திகதிய உத்தியோகபூர்வ முடிவின்படி, மிசிசிப்பியில் கோல்ட்வாட்டர் 87 சதவீத வாக்குகளைப் பெற்றார்.